அச்சிட்டுக் கொடுக்கும் பயிற்சித் தாள்கள்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகளும் பதில்களும்

வடசென்னைத் தண்டையார்பேட்டையில் ஒரு மாடி அறையில் மாலை வகுப்பு நடத்திவருகிறேன். காசிமேடு, புதுவண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடிப் பக்கத்துப் பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களுக்காக நான் தயாரித்து நகலெடுத்துக் கொடுக்கும் தாள்களைப் பற்றி, பிள்ளையை அழைத்துப்போக வரும் பெற்றோர் வாசலில் நின்று கேட்கும் ஐயங்கள் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. கேட்டவர்களின் சொற்களை இயன்றவரை மாற்றாமல் அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

நோட்டில் எழுதினால் போதாதா? இந்தத் தாள்கள் எல்லாம் எதற்கு?

நோட்டில் எழுதுவதற்குத் தாள் மாற்று அன்று. ஒரே எழுத்தைப் பக்கம் நிறைய எழுதினால் கை பழகும். அது தேவையான பழக்கமே. ஆனால் தாளை வெட்டலாம், மடிக்கலாம், கலைத்துப்போட்டு மறுபடி அடுக்கலாம். நோட்டில் தவறாக எழுதிய விடையை ரப்பரால் அழிக்கும் பிள்ளைக்குத் தான் தோற்றதாகத் தோன்றுகிறது. துண்டுத் தாளை நகர்த்தி வேறிடத்தில் வைக்கும் பிள்ளைக்கு அப்படித் தோன்றுவதில்லை.

இது புதிய சரக்கும் அன்று. 2003ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007இல் தமிழகம் முழுவதும் கொண்டுசெல்லப்பட்ட செயல்வழிக் கற்றலில், பிள்ளைகள் கற்றல் ஏணியில் தாம் நிற்கும் படியைப் பார்த்து, அதற்குரிய அட்டையைத் தாமே எடுத்துவந்து தரையில் அமர்ந்து செய்தார்கள். என்னிடம் வரும் இளம் பெற்றோர் சிலர் அந்த அட்டைகளோடு வளர்ந்தவர்கள். அவர்களுக்கு இந்தக் கேள்வியே எழுவதில்லை.

எந்த வயதில் தொடங்கலாம்? பக்கத்து வீட்டுப் பிள்ளை மூன்று வயதிலேயே அ, ஆ எழுதுகிறதே?

எழுதுவது இருக்கட்டும். மூன்று, நான்கு வயதில் விரல்களுக்குப் பென்சிலை அடக்கும் வலு முழுமையாக வந்திருக்காது. அந்த வயதுக்கு உரிய தாள்கள் எழுதுவதற்கானவை அல்ல. கிழிப்பதற்கும், ஒட்டுவதற்கும், மடிப்பதற்கும் உரியவை. நான் முதலில் கொடுப்பது வெறும் கோலப் புள்ளிகள் உள்ள தாள். ஒவ்வொரு புள்ளியின் மேலும் ஒரு புளியங்கொட்டையைக் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் எடுத்து வைக்க வேண்டும். பின்னால் பென்சில் பிடிக்கப்போவதும் அதே இரண்டு விரல்கள்தாம், நடுவிரல் தாங்கிக்கொள்ளும்.

ஐந்து வயதில் நேர்கோடு, வளைகோடு, சுழி என்று போகலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுதுவதை நிறுத்தவும் வேண்டாம், அதைப் பார்த்து உங்கள் பிள்ளையை அவசரப்படுத்தவும் வேண்டாம்.

வீட்டில் பிரிண்டர் இல்லை. மாதம் எவ்வளவு செலவாகும்?

பிரிண்டர் தேவையில்லை. ஒரு தாளை ஒருமுறை பிரிண்ட் எடுத்துக்கொண்டு, மற்றவற்றை ஜெராக்ஸ் எடுத்தால் போதும். விலை கடைக்குக் கடை மாறும். கறுப்பு வெள்ளையில் பத்துப் பக்கத்துக்கு மேல் எடுத்தால் கேட்டு வாங்கிக் குறைக்கலாம். பல பிள்ளைகளுக்காகக் கட்டுக் காகிதமும் சார்ட் அட்டையும் வாங்குவோர் பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்கு ஒருமுறை போய்வருவது பயனுள்ளது. வண்ணத்தில் எடுக்காதீர்கள், வண்ணம் தீட்டுவது பிள்ளையின் வேலை. வெட்டி எடுக்க வேண்டிய தாளை இரு பக்கமும் அச்சிடவே கூடாது. நான் ஒருமுறை காகிதத்தை மிச்சம் பிடிப்பதாக எண்ணி எண் அட்டைகளைப் பின்னும் முன்னும் எடுத்துவிட்டேன். வெட்டியபோது முன்பக்கத்து எண்கள் சரியாக வந்தன, பின்பக்கத்து எண்கள் எல்லாம் இரண்டாகப் பிளந்துபோயின.

ஒரு காசும் செலவழிக்காமல் எண் அட்டை வேண்டுமென்றால் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைப் பாருங்கள். 1 முதல் 31 வரை பெரிய எழுத்தில், ஆண்டுக்குப் பல செட் அதில் இருக்கிறது. நாள்தோறும் கிழித்துக் குப்பையில் போடுவதை ஒரு டப்பாவில் போட்டு வைத்தால் ஒரு தெருவுக்கே போதும்.

கடையில் பிரிண்ட் எடுத்தால் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வருகிறது. சில நேரம் கொம்பு தனியாக நிற்கிறது. ஏன்?

உங்கள் கைபேசியில் உள்ள எழுத்துரு கடைக் கணினியில் இல்லாததே காரணம். வேர்டு கோப்பாக அனுப்பாமல் பி.டி.எஃப். ஆக மாற்றி அனுப்பினால் எழுத்துருவும் கோப்போடு சேர்ந்து போய்விடும். பெரும்பாலான தொல்லை அதோடு தீர்ந்தது. பழைய தாள்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்பில், தமிழ் எழுத்துக்கு அடியில் இருப்பது ஆங்கில எழுத்தின் குறியீடே. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது பொருளற்ற ஆங்கிலமாகக் கொட்டும். தமிழ் எழுத்துகளுக்கே தனிக் குறியீடு தரும் யூனிகோடு முறையை 2010இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட பிறகு வந்த கோப்புகளில் இது குறைவு.

நகலெடுக்கும் முன் ஒரு படியை மட்டும் எடுத்து, ‘கொக்கு’, ‘மௌனம்’, ‘ஔவை’ என்ற மூன்று சொற்களைப் பாருங்கள். கொம்பு இடம் மாறியிருந்தால் முதலிரண்டில் தெரிந்துவிடும். மூன்றாவது சொல் வேறொரு பிழைக்காக: ‘ஔ’ என்ற ஒரே எழுத்துக்குப் பதிலாக ‘ஒ’வையும் ‘ள’வையும் பக்கத்தில் பக்கத்தில் தட்டிவிட்ட தாள்கள் இணையத்தில் ஏராளம். அதைப் பார்த்துப் படிக்கும் பிள்ளை ‘ஒளவை’ என்று எழுத்துக்கூட்டினால் குற்றம் பிள்ளையுடையது அன்று.

காகித ஸ்கேல் பிரிண்ட் எடுத்தேன். 15 செ.மீ. என்று போட்டிருக்கிறது, அளந்தால் 14தான் வருகிறது.

அச்சிடும்போது பக்கத்துக்குள் அடக்கும் தெரிவு இயங்கியிருக்கிறது. அளவுகோல், கோணமானி, கட்டத்தாள் போன்றவற்றை எப்போதும் நூறு விழுக்காட்டில் எடுக்கச் சொல்லுங்கள். நாம் பயன்படுத்தும் ஏ4 தாள் 210 மி.மீ. அகலமும் 297 மி.மீ. உயரமும் உடையது, அமெரிக்காவில் தயாரான கோப்புகள் 216 மி.மீ. அகலமும் 279 மி.மீ. உயரமும் உள்ள லெட்டர் அளவில் இருக்கும். அவற்றை நம் தாளில் அப்படியே எடுத்தால் ஓரம் வெட்டுப்படும், அடக்கி எடுத்தால் அளவு சுருங்கும். நான் தயாரிக்கும் ஒவ்வோர் அளவைத் தாளின் அடியிலும் 10 செ.மீ. கோடு ஒன்று போட்டு வைக்கிறேன். கடையிலேயே ஸ்கேலை வைத்துப் பார்த்துவிடலாம்.

புள்ளி எழுத்தின் மேல் அழகாக எழுதுகிறான். தனியாக எழுதச் சொன்னால் ஒன்றும் வரவில்லை. ஏன் அப்படி?

புள்ளிகளின் மேல் இழுக்கும்போது அவன் எழுத்தை எழுதவில்லை, புள்ளிகளைப் பின்தொடர்கிறான். எங்கே தொடங்குவது, எந்தப் பக்கம் திரும்புவது, எங்கே நிறுத்துவது என்ற முடிவுகளை எல்லாம் தாள் எடுத்துவிட்டது. பத்து வரியிலும் புள்ளி உள்ள தாளைக் கொடுத்தால் பத்து முறையும் அதுவே நடக்கும்.

ஆகையால் புள்ளியைப் படிப்படியாக அகற்ற வேண்டும். என் தாள்களில் முதல் மூன்று எழுத்துகள் முழுப் புள்ளியில் இருக்கும். அடுத்த இரண்டில் பாதிப் புள்ளி. அதற்கடுத்த இரண்டில் தொடக்கப் புள்ளி ஒன்று மட்டும். கடைசி மூன்று இடங்கள் வெறுமை. அதன் பிறகு தாளைக் கவிழ்த்துவிட்டுப் பின்பக்கத்தில் ஒருமுறை எழுத வேண்டும். பின்பக்கத்தில் வந்த எழுத்தையே நான் கணக்கில் எடுத்துக்கொள்கிறேன். முன்பக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதற்கு ‘நன்று’ போடுவதில்லை.

என் மகள் இடது கையால் எழுதுகிறாள். தனித் தாள் வேண்டுமா?

ஒரே ஒரு மாற்றம் போதும். பெரும்பாலான தாள்களில் மாதிரி எழுத்து இடப்பக்கம் இருக்கும். இடக்கைப் பிள்ளை எழுதத் தொடங்கியதும் அவள் கையே அதை மறைத்துவிடும். மாதிரியை வலப்பக்கமும் போட்டுக் கொடுங்கள். கையை மாற்றச் சொல்லாதீர்கள்.

தமிழில் 247 எழுத்து இருக்கிறதே, 247 தாள் வேண்டுமா?

வேண்டாம். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று என்று கூட்டித்தான் 247 வருகிறது. இவற்றில் உயிர்மெய் 216ஐயும் தனித்தனி எழுத்தாகக் கற்க வேண்டியதில்லை. அகர உயிர்மெய் பதினெட்டையும் அறிந்த பிள்ளைக்குக் கால், கொம்பு, இணைக்கொம்பு, விசிறி போன்ற குறிகளைக் கற்றுக்கொடுத்தால் பெரும்பகுதி தானே வந்துவிடும். உகர, ஊகார வரிசைகள் மட்டும் அடங்கா: கு, சு, டு, து என்று மெய்க்கு மெய் குறி மாறும். அந்த 36 எழுத்துகளுக்கு மட்டும் தனித் தாள் போடுகிறேன். இன்னொரு தொல்லையை 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தம் தீர்த்துவிட்டது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய 13 எழுத்துகள் அதுவரை தனி வடிவில் இருந்தன. பாட்டி எழுதிய பழைய கடிதத்தைக் கொண்டுவந்து இது என்ன எழுத்து என்று கேட்கும் பிள்ளைகள் இன்றும் உண்டு.

அகரவரிசையில்தான் தொடங்க வேண்டும் என்பதும் இல்லை. நான் ட, ப, ம என்ற மூன்றில் தொடங்குகிறேன். கோணம் கோணமாக எழுத எளியவை. இவற்றோடு ட், ம் சேர்ந்தால் முதல் வாரத்திலேயே படம், பட்டம், மடம், மட்டம் என்று வாசிக்கலாம். தானாக ஒரு சொல்லை வாசித்துவிட்ட பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர்கள், அ முதல் ஔ வரை முடித்த பிறகே சொல் என்று பிடிவாதம் பிடிக்க மாட்டார்கள்.

எழுத்து நகர்த்தி செய்ய விரும்புவோருக்கு ஓர் எச்சரிக்கை. ஓர் அட்டையில் ‘க’ எழுதி, அதன் வலப்பக்கத்தில் சன்னல் வெட்டி, குறிகள் எழுதிய நாடாவை மேலும் கீழும் இழுக்கும் கருவி அது. கா வரும், கெ வராது. ஏனென்றால் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது. கொ, கோ இரண்டுக்கும் இருபுறமும் குறி வேண்டும். ஆகவே இரண்டு சன்னல்கள், இரண்டு நாடாக்கள்.

படத்தைப் பார்த்துத் தவறாகச் சொல்கிறான். ஓடத்தைக் காட்டினால் ‘போட்டு’ என்கிறான். படத்தை மாற்ற வேண்டுமா, பிள்ளையைத் திருத்த வேண்டுமா?

காசிமேட்டுப் பிள்ளை கடலில் மிதப்பதைப் போட்டு என்று சொல்வதில் என்ன தவறு? அவன் வீட்டில் அதற்கு அதுவே பெயர். பட்டம் படத்தைக் காட்டினால் நம் பகுதியில் எல்லாப் பிள்ளைகளும் காத்தாடி என்பார்கள். உரலைக் காட்டினால் விழிப்பார்கள். ஓடம், பட்டம் என்ற சொற்களும் அவர்களுக்குத் தேவைதான். ஆனால் புதிய எழுத்தையும் புதிய சொல்லையும் ஒரே நேரத்தில் ஏற்றக் கூடாது. எழுத்தைக் கற்கும்போது பிள்ளை அறிந்த சொல்லே இருக்கட்டும்: அலை, ஆமை, ஈ, ஊசி, எலி, ஏணி, ஐஸ்.

இதில் நானே விழுந்த ஒரு குழி உண்டு. மீன் சந்தைச் சொற்களால் அழகாக ஒரு தாள் தயாரித்து, இகரத்துக்கு இறால் படம் போட்டேன். வகுப்பு முழுவதும் ஒரே குரலில் ‘எறா’ என்று சொல்லி ‘எ’வில் கொண்டுபோய் ஒட்டியது. காரணம் பிறகே புலப்பட்டது. இகரத்திலோ உகரத்திலோ தொடங்கும் சொல்லில், அடுத்து ஒற்றை மெய் வந்து அதன்மேல் அகரமோ ஆகாரமோ ஐகாரமோ ஏறினால், பேச்சில் முதலெழுத்து எகரமாகவும் ஒகரமாகவும் மாறிவிடுகிறது. இலை எலையாகிறது, இடம் எடமாகிறது, உடம்பு ஒடம்பாகிறது. ஆனால் இட்லி இட்லியாகவே இருக்கிறது. இஞ்சி, உப்பு, உண்டியல் ஆகியவையும் அப்படியே. முதலெழுத்துப் பயிற்சிக்கு இத்தகைய சொற்களையே எடுங்கள். கடையில் விற்கும் வண்ண அட்டைகளில் இகரத்துக்கு இலையே இருக்கும். அதைக் குறை சொல்லிப் பயனில்லை, அதன்மேல் ஒரு இட்லியை வரைந்து ஒட்டிவிடலாம்.

பொருத்துக பயிற்சியில் எல்லாம் சரியாகப் போடுகிறாள். ஆனால் அதே சொல்லைத் தனியே காட்டினால் வாசிக்கவில்லையே?

ஐந்து படம், ஐந்து சொல் என்று இருக்கும் தாளில் மூன்றைத் தெரிந்துகொண்டால் மீதி இரண்டுக்கு ஊகம் போதும். நான்கு தெரிந்தால் ஐந்தாவது இலவசம். சில பிள்ளைகள் சொல்லின் நீளத்தைப் பார்த்தே பொருத்திவிடுகிறார்கள். ஐந்து படத்துக்கு ஏழு சொற்கள் கொடுங்கள். மிஞ்சும் இரண்டும் சரியான விடைக்கு நெருங்கிய தோற்றம் உடையனவாக இருக்கட்டும். அவையும் பொருளுள்ள சொற்களாகவே இருக்க வேண்டும்: பல் என்பதன் பக்கத்தில் பால், மரம் என்பதன் பக்கத்தில் மாதம், கல் என்பதன் பக்கத்தில் கால் என்பதுபோல் அமையுங்கள். பொருளற்ற சொல்லைக் கலந்தால் பிள்ளை குழம்புவதைத் தவிர வேறு பயன் இல்லை.

எழுத்து எல்லாம் தெரிகிறது. புத்தகத்தை எடுத்தால் ஓடிவிடுகிறான்.

நீளம் அவனை மிரட்டுகிறது. ஒரு சொல் மட்டும் உள்ள துண்டுகளாகக் கொடுத்துப் பாருங்கள். 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை நீண்ட பிறகு எனக்குக் கிடைத்த நல்ல தாள் அந்தத் தடமே: வண்ணாரப்பேட்டை, சர் தியாகராயா கல்லூரி, தண்டையார்பேட்டை, புதுவண்ணாரப்பேட்டை, டோல்கேட், காலடிப்பேட்டை, திருவொற்றியூர் தேரடி, திருவொற்றியூர், விம்கோ நகர். பெயர்களைத் துண்டு துண்டாக வெட்டிக் கலைத்துப் போட்டால், பிள்ளைகள் சண்டையிட்டுக்கொண்டு வரிசைப்படுத்துவார்கள். ‘ட்டை’ என்று முடிபவை எத்தனை, ‘திருவொற்றியூர்’ எத்தனை துண்டுகளில் இருக்கிறது என்று கேட்டால் அந்த நீண்ட சொற்களைப் பலமுறை வாசித்தாக வேண்டும். வாசிக்கிறோம் என்று அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

ஒரு நாளைக்கு எத்தனை தாள் கொடுக்கலாம்?

ஒன்று. பிள்ளை இன்னொன்று கேட்டால், நாளைக்கு என்று சொல்லுங்கள்.

நான் மீன் விற்கிறவள். எனக்கே எழுதப் படிக்கத் தெரியாது. தாளைக் கொடுத்தால் நான் எப்படிச் சொல்லிக்கொடுப்பேன்?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். முக்கால் கிலோ சங்கராவுக்கும் அரைக் கிலோ நெத்திலிக்கும் கூட்டி, ஐந்நூறு ரூபாய் நோட்டுக்கு மீதி கொடுப்பதை அவர் ஒரு மூச்சில் மனத்தில் செய்கிறார். அவருடைய ஐந்தாம் வகுப்புப் பிள்ளை அதைத் தாளில் செய்யத் திணறுகிறாள். ஆகவே அவருக்காக ஒரு விலைப்பட்டியல் தாள் தயாரித்தேன்: மீன்களின் படம், பக்கத்தில் விலைக்கு வெற்றிடம். அன்றைய விலையை அம்மா சொல்ல, பிள்ளை எழுத வேண்டும். அம்மா வாங்குபவராக மாறிக் கேட்க, பிள்ளை கணக்கிட்டு மீதி சொல்ல வேண்டும். சரியா தவறா என்று சொல்ல அம்மாவுக்கு எழுத்து தேவைப்படவில்லை. எழுத்துத் தாள்களிலும் நீங்கள் ஆசிரியராக இருக்க வேண்டியதில்லை. பிள்ளை உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். பிறருக்குச் சொல்லிக்கொடுக்கும்போது தான் எங்கே அறியவில்லை என்பது பிள்ளைக்கே தெரிந்துவிடும்.

அப்பாவுக்கும் ஒரு தாள் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் வீட்டில் இருப்பார்கள். மூன்று மாதக் காலண்டர் கட்டங்களை அச்சிட்டுக் கொடுத்து, தடை நாள்களுக்கு அப்பாவும் பிள்ளையும் வண்ணம் அடித்து எண்ண வேண்டும். ஏப்ரலில் 16, மே மாதத்தில் 31, ஜூனில் 14, ஆக 61. முப்பதில் பதினைந்தைக் கழித்துப் பதினைந்து என்று அவசரப்படும் பிள்ளை, முதல் நாளையும் சேர்த்து எண்ண வேண்டும் என்பதைக் கட்டத்தில் விரல் வைத்துப் பார்த்துப் புரிந்துகொள்ளும்.

முந்நூற்று நாற்பத்தேழு எழுதச் சொன்னால் 300407 என்று எழுதுகிறான்.

காதில் விழுந்ததை விழுந்த வரிசையில் எழுதியிருக்கிறான், நல்ல காது. அவனுக்கு வேண்டியது ஒன்றன்மேல் ஒன்று படியும் எண் அட்டை. 300 என்பதை மூன்று கட்ட நீளத்திலும், 40 என்பதை இரண்டு கட்ட நீளத்திலும், 7 என்பதை ஒரு கட்டத்திலும் அச்சிட்டு வெட்டுங்கள். வலது ஓரத்தை ஒன்றாக வைத்து அடுக்கினால் சுழிகள் மறைந்து 347 தெரியும். எடுத்தால் 300, 40, 7 மீண்டும் தெரியும். சுழி காணாமல் போகவில்லை, அடியில் இருக்கிறது என்பதை அவன் கையாலேயே தூக்கிப் பார்ப்பான். தொண்ணூறு, தொள்ளாயிரம் இரண்டுக்கும் மட்டும் கூடுதல் நாள்கள் ஒதுக்குங்கள். எண்பதுக்கு அடுத்தது ‘நூறு’ என்று காதில் விழுவதும், எண்ணூறுக்கு அடுத்தது ‘ஆயிரம்’ என்று விழுவதும் தமிழ் எண்ணுப்பெயர்களின் விசித்திரம்.

வாய்ப்பாடு மனப்பாடம் ஆகவே இல்லை. அதற்குத் தாள் உண்டா?

உண்டு, பத்துக்குப் பத்துக் கட்டம் ஒன்றே போதும். நூறு விடைகளைப் பார்த்துப் பிள்ளை மலைக்கிறது. முதலில் 3×7, 7×3 இரண்டும் ஒன்றே என்று மூலைவிட்டத்துக்கு ஒரு பக்கத்தை மடித்துவிடுங்கள்: 55 மிஞ்சும். ஒன்றாம், பத்தாம் வாய்ப்பாடுகளை அடித்துவிடுங்கள்: 36. இரண்டாம், ஐந்தாம் வாய்ப்பாடுகள் பெரும்பாலும் தெரிந்தே இருக்கும், அவற்றையும் அடித்தால் 21. ஆக மனப்பாடம் செய்ய வேண்டியவை இருபத்தொன்றே. அவற்றைத் தனித்தனி அட்டையாக வெட்டி, தெரிந்ததை ஒரு டப்பாவிலும் தெரியாததை இன்னொன்றிலும் போட்டுவர, இரண்டாவது டப்பா காலியாவதைப் பிள்ளை கண்ணால் பார்க்கும். ‘ஈரெண்டு நாலு’ என்று ராகம் போட்டுச் சொல்வதையும் விட்டுவிடாதீர்கள்; ஆனால் ராகத்தில் மட்டும் கற்ற பிள்ளை, ஏழெட்டு எவ்வளவு என்று நடுவில் கேட்டால் முதலிலிருந்து பாடியாக வேண்டும்.

தாயம், பரமபதம் போன்றவற்றையும் அச்சிடலாமா? விளையாட்டில் படிப்பு போய்விடாதா?

அச்சிடலாம். ஆடுபுலி ஆட்டத்துக்கு 23 சந்திகள் உள்ள கட்டமும், 3 புலிகளும், 15 ஆடுகளும் வேண்டும். ஆட்டுக்குப் புளியங்கொட்டை, புலிக்குச் சட்டைப் பட்டன். தாயத்துக்குக் காகிதப் பகடை நிற்காது. நான்கு புளியங்கொட்டைகளை ஒரு பக்கம் தரையில் உரசி வெளுப்பாக்கி உருட்டுங்கள்.

பகடை செய்வதே ஒரு பாடம். ஆறு சதுரங்களைப் பக்கத்தோடு பக்கம் ஒட்டினால் 35 வடிவங்கள் வரும். அவற்றில் 11 மட்டுமே மடித்தால் கனசதுரமாகும். எவை ஆகும் என்று வெட்டி மடித்துக் கண்டுபிடிப்பது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் சவாலே. பிறகு எதிரெதிர் முகங்களின் கூட்டுத்தொகை 7 வருமாறு எண்ணிட வேண்டும். விரித்த நிலையில் எது எதற்கு எதிர் என்பதை மனத்தில் மடித்துப் பார்க்க முடிந்தவனுக்குப் படிப்பு எங்கும் போய்விடவில்லை.

பத்தாம் வகுப்புப் பையனுக்கு இதெல்லாம் சிறுபிள்ளைத்தனம் இல்லையா?

அவனுக்கு உரிய தாள்கள் வேறு. சமூக அறிவியல் தேர்வில் வரைபடம் குறிப்பதும் காலக்கோடு வரைவதும் உண்டு. வெற்று இந்திய வரைபடத்தைப் பத்துப் படி நகலெடுத்து, வாரம் ஒன்று புத்தகம் பார்க்காமல் நிரப்பினால் அந்த மதிப்பெண் கையில் இருக்கும். அறிவியலுக்கும் சூத்திரங்களுக்கும் வாய்ப்பாட்டுக் கேள்வியில் சொன்ன டப்பா முறையையே மூன்று டப்பாவாக்குங்கள்: முதலாவதை நாள்தோறும், இரண்டாவதை ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூன்றாவதை வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த டப்பாவுக்குப் போகும். தவறியது எங்கிருந்தாலும் முதல் டப்பாவுக்குத் திரும்பும். அட்டைகளை அவனே எழுத வேண்டும். நீங்கள் அச்சிட்டுத் தர வேண்டியது வெற்றுக் கட்டங்களை மட்டுமே.

இணையத்தில் கிடைக்கும் தாள்களை நகலெடுப்பது சட்டப்படி சரியா?

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆசிரியரோ மாணவரோ கற்பித்தலின் போக்கில் நகலெடுப்பதை உரிமை மீறலாகக் கொள்வதில்லை. 2016இல் தில்லி உயர் நீதிமன்றமும் பல்கலைக்கழக நகல் கடை வழக்கில் இப்பிரிவுக்கு விரிவான பொருள் கொடுத்தது. அதை வைத்துப் பிறர் தாள்களைத் தொகுத்து விலைக்கு விற்கலாம் என்று எண்ண வேண்டாம். கவலையின்றி எடுக்க விரும்பினால் சிறுவர் கதைகளை வழங்கும் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் உள்ள தமிழ்க் கதைகள் திறந்த உரிமத்தில் உள்ளவை. எழுதியவர், வரைந்தவர் பெயர்களைக் குறிப்பிட்டால் மாற்றியும் பயன்படுத்தலாம்.

லேமினேஷன் செய்துவிட்டால் நெடுநாள் வருமே?

வரும், ஆனால் வெட்டவும் மடிக்கவும் ஒட்டவும் முடியாது, முதல் பதிலில் சொன்ன பயன் போய்விடும். தினமும் கையாளும் வாய்ப்பாட்டுக் கட்டம், ஆட்டப் பலகை போன்றவற்றுக்கு மட்டும் செய்யுங்கள். மற்றவற்றை ஒளி ஊடுருவும் ஃபைல் உறையில் செருகி, மேலே ஒயிட்போர்டு மார்க்கரால் எழுதித் துடைக்கலாம். கடலோரத்து ஈரக்காற்றில் தாள்கள் சுருளும்; மையூற்றும் பிரிண்டரில் எடுத்தவை ஈரம் பட்டதும் கரையும், ஜெராக்ஸ் பொடி கரையாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது கீழ்த்தட்டில் வைத்திருந்தவற்றை இழந்த பிறகு, மூல படிகளை எல்லாம் மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் பரணில் வைக்கிறேன்.

எழுதி முடித்த தாள்கள் வீடெங்கும் குவிந்துவிட்டன. என்ன செய்வது?

மாதத்துக்கு ஒன்றை மட்டும் தேதி எழுதி எடுத்து வையுங்கள். ஆண்டு இறுதியில் பன்னிரண்டையும் வரிசையாகப் பார்த்தால் கை எப்படி மாறியிருக்கிறது என்று தெரியும். பின்பக்கம் வெறுமையாக உள்ளவை கணக்குப் போட உதவும். மிஞ்சியதைப் பழைய பேப்பர் கடைக்குப் போடலாம். பஜ்ஜி, வடை மடிக்கக் கொடுத்துவிடாதீர்கள். அச்சு மை எண்ணெயோடு உணவில் ஏறும்.

கடைக்குப் போடும் முன் பிள்ளைகளிடம் எடையைக் கணிக்கச் சொல்லுங்கள். 80 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 80 கிராம்) காகிதத்தில் ஓர் ஏ4 தாள் ஏறக்குறைய 5 கிராம். எனவே 200 தாள் ஒரு கிலோ. எண்ணிக் கட்டிக்கொண்டு போய்த் தராசில் வைத்தால், கடைக்காரர் சொல்லும் எடை சரியா என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.